எந்தத் தழும்புக்கு எந்தச் சிகிச்சை?

வாசகர் கேள்வி – மருத்துவர் பதில்

தழும்பு பற்றி வந்த கடிதங்களில் பெரும்பாலானவை "எந்த க்ரீம் தடவலாம், டாக்டர்?" என்றே முடிகின்றன. தழும்பு மேடா, பள்ளமா, வெறும் நிறமாற்றமா, தோலை இழுத்துப் பிடிக்கிறதா, வந்து எத்தனை மாதம் ஆகிறது? இவ்வளவும் தெரிந்த பிறகுதான் சிகிச்சையைப் பற்றிப் பேசவே முடியும். மேட்டுத் தழும்பைக் கரைக்கும் ஊசியைப் பள்ளத்தில் போட்டால் பள்ளம் இன்னும் ஆழமாகும். அதனால் கீழே உள்ள பதில்கள் எல்லாமே வகையில் இருந்துதான் தொடங்குகின்றன.

கேள்வி: தைராய்டு அறுவை சிகிச்சை முடிந்து ஐந்து வாரம் ஆகிறது. கழுத்தின் முன்பக்கம் 6 செ.மீ. நீளத்துக்குத் தழும்பு. தையல் பிரித்தபோது மெல்லிய கோடாகத்தான் இருந்தது. இப்போது சிவந்து, தடித்து, அரிக்கிறது. தப்பாக ஆறிவிட்டதா? (வாசகி, வயது 34)

பதில்: தப்பாக ஆறவில்லை. தோல் ஆறும் விதமே அப்படித்தான். தையல் பிரிக்கும்போது மேல்தோல் மட்டுமே மூடியிருக்கும். உள்ளே கொலாஜன் என்ற புரத நார்கள் அவசர அவசரமாக, ஒழுங்கில்லாமல் நெய்யப்படும் காலம் அதற்குப் பிறகுதான் வருகிறது. அதனால் இரண்டாவது மாதத்திலும் மூன்றாவது மாதத்திலும் தழும்பு முன்பைவிட மோசமாகத் தெரியும். பிறகு பழைய நார்கள் உடைந்து புதியவை வரிசையாக அமைய, சிவப்பு வெளுத்து மேடு தணியும். இதற்கு ஒரு வருடம் ஆகும், சிலருக்கு ஒன்றரை வருடமும் ஆகலாம். முழுதாக ஆறிய தழும்புகூடப் பழைய தோலின் வலிமையில் ஏறக்குறைய 80 சதவீதத்தைத்தான் எட்டும்.

இந்த ஐந்தாவது வாரம் உங்களுக்குக் கிடைத்த நல்ல வாய்ப்பு. இப்போது தொடங்க வேண்டியது சிலிக்கோன். ஷீட்டாகவும் கிடைக்கிறது, ஜெல்லாகவும் கிடைக்கிறது. ஷீட் என்றால் தழும்பைவிடச் சுற்றிலும் அரை சென்டிமீட்டர் பெரிதாக வெட்டி, ஒரு நாளைக்குக் குறைந்தது 12 மணி நேரம், முடிந்தால் குளிக்கும் நேரம் தவிர நாள் முழுவதும் ஒட்டி வையுங்கள். தினமும் ஒரு முறை எடுத்து, ஷீட்டையும் தோலையும் மென்மையான சோப்பில் கழுவி, நன்றாக உலர்ந்த பிறகு திரும்ப ஒட்டுங்கள். வியர்வை தேங்கினால் தோல் ஊறி வெளுக்கும், பொரிப்பொரியாக வரும். அப்படி வந்தால் இரண்டு நாள் நிறுத்தி, 4 மணி நேரத்தில் தொடங்கி மெல்ல மெல்ல நேரத்தைக் கூட்டுங்கள்.

கழுத்து அசைந்துகொண்டே இருக்கும் இடம், ஷீட் நிற்காது. உங்களுக்கு ஜெல்தான் வசதி. காலையும் இரவும், கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லியதாகப் பூசி, நாலைந்து நிமிடம் காயவிடுங்கள். பிசுபிசுப்பாக இருந்தால் அதிகம் பூசிவிட்டீர்கள் என்று அர்த்தம். காய்ந்த பிறகு அதன் மேல் சன்ஸ்கிரீன் போடலாம். குறைந்தது மூன்று மாதம் விடாமல் செய்ய வேண்டும். இரண்டு வாரம் பூசிவிட்டு "பலனில்லை" என்று நிறுத்துவதுதான் இங்கே வழக்கமாக நடக்கும் தவறு. சிலிக்கோனில் மருந்து எதுவும் இல்லை. அது தோலின் ஈரம் ஆவியாகாமல் மூடி வைக்கிறது. ஈரம் நிலைத்தால், கொலாஜனைக் கூடுதலாக உற்பத்தி செய்யச் சொல்லும் தூண்டுதல் குறைகிறது.

கூடவே மசாஜ். விரல் நுனியைத் தழும்பின் மேல் வைத்து அழுத்துங்கள். சிவப்பு மறைந்து தோல் வெளுக்கும் அளவுக்கு அழுத்தம் இருக்க வேண்டும். விரல் தோலின் மேல் வழுக்கக் கூடாது. தோலும் விரலும் சேர்ந்தே, அடியில் உள்ள திசுவின் மேல் நகர வேண்டும். மேலும் கீழும், பக்கவாட்டில், பிறகு சிறு வட்டமாக 5 நிமிடம், நாளுக்கு இரண்டு மூன்று முறை. செய்து முடித்ததும் சிவப்பு கூடினால், அரை மணி நேரத்தில் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் அழுத்தத்தைக் குறையுங்கள். எங்காவது கசிவோ திறந்த இடமோ இருந்தால் மசாஜ் கூடாது.

மூன்றாவது மாதத்துக்குப் பிறகும் மேடு உயர்ந்துகொண்டே போனாலோ, தழும்பு வெட்டின கோட்டைத் தாண்டிப் பரவினாலோ காத்திருக்காமல் தோல் மருத்துவரைப் பாருங்கள். ஊசி போட வேண்டிய கட்டம் அது.

கேள்வி: காது குத்திய இடத்தில் கடலை அளவு கட்டி வந்தது. போன வருடம் வெட்டி எடுத்தார்கள். ஆறே மாதத்தில் முன்பைவிடப் பெரிதாக வளர்ந்துவிட்டது. அம்மாவுக்கும் தோளில் இப்படி உண்டு. மறுபடி வெட்டலாமா? (வாசகி, வயது 22)

பதில்: நீங்கள் எழுதியிருப்பது கெலாய்டின் முழு அடையாளம்: காயத்தின் எல்லையை மீறி வளர்வது, தானாகத் தணியாமல் இருப்பது, குடும்பத்தில் இருப்பது, வெட்டியதும் திரும்ப வருவது. காது மடல், நெஞ்சின் நடு எலும்பு, தோள், மேல்முதுகு, தாடை ஓரம் ஆகியவை அது விரும்பும் இடங்கள். முந்தைய வாசகியின் தழும்பு பருத்தது என்றாலும் வெட்டின கோட்டுக்குள்தான் நிற்கிறது, அது நாளடைவில் தணியும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் தவறான வாக்குறுதிகள் தரப்படுகின்றன.

கெலாய்டை வெறுமனே வெட்டினால் திரும்ப வரும் வாய்ப்பு 45 முதல் 100 சதவீதம் வரை என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன. வெட்டுவதே இன்னொரு காயம், அந்தக் காயத்திலும் அதே தோல்தான் ஆற வேண்டும். அதனால் வெட்டலாமா என்பதைவிட, வெட்டிய பிறகு என்ன செய்யப் போகிறார்கள் என்று கேளுங்கள். அதற்குத் தெளிவான திட்டம் இல்லாவிட்டால் வெட்டிக்கொள்ளாதீர்கள்.

முதல் படி பெரும்பாலும் ஊசி. டிரையாம்சினலோன் என்ற ஸ்டீராய்டை மி.லி.க்கு 10 முதல் 40 மி.கி. வரை செறிவில், கட்டிக்குள்ளேயே செலுத்துவார்கள். நான்கு வாரத்துக்கு ஒரு முறை, நாலைந்து தடவை. ஊசி சரியான இடத்தில் இறங்கினால் மருந்து எளிதில் போகாது. கெலாய்டு அவ்வளவு கெட்டியானது, பிஸ்டனை அழுத்தும் கை திணறும், கட்டியின் மேற்பரப்பு வெளுத்துப் போகும். மருந்து சுலபமாக வழுக்கிக்கொண்டு போனால் ஊசி கட்டிக்கு அடியில் உள்ள கொழுப்புக்குள் இறங்கிவிட்டது என்று பொருள். அங்கே போன மருந்து கட்டியை விட்டுவிட்டுக் கொழுப்பைக் கரைத்துப் பள்ளமாக்கும். தோல் மெலிவது, சுற்றிலும் வெளுப்பது, மெல்லிய ரத்தக் குழாய்கள் தெரிவது எல்லாம் வரக்கூடிய பக்க விளைவுகள். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குச் சில நாள் சர்க்கரை ஏறலாம். சில பெண்களுக்கு மாதவிலக்கு தள்ளிப் போகும். இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் பதற்றம் இருக்காது.

ஸ்டீராய்டு மட்டும் போதாதபோது, செல்கள் பெருகுவதைத் தடுக்கும் 5-ஃப்ளூரோயூரசில் என்ற மருந்தைச் சேர்ப்பார்கள். மி.லி.க்கு 50 மி.கி. செறிவுள்ள அந்த மருந்து 0.9 மி.லி., அதோடு டிரையாம்சினலோன் 0.1 மி.லி. என்பது பரவலாகப் பின்பற்றப்படும் கலவை. வலி கூடுதல், சில சமயம் மேலே புண்ணாகும். கர்ப்பமாக இருந்தாலும், தாய்ப்பால் கொடுத்தாலும், கர்ப்பத்துக்குத் திட்டமிட்டிருந்தாலும் ஊசிக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். சிறிய கட்டியாக இருந்தால் திரவ நைட்ரஜனால் உறைய வைத்து, அது உருகி வீங்கி இளகியதும் ஊசி போடுவது இன்னொரு வழி. ஆனால் குளிர் நிறமிச் செல்களைக் கொன்றுவிடும். மாநிறமும் கருநிறமும் உள்ளவர்களுக்கு அந்த இடம் வெள்ளையாகவே நின்றுபோகலாம்.

உங்கள் கட்டி பெரியது, ஏற்கெனவே ஒருமுறை திரும்ப வந்தது. எனவே முதலில் ஊசியால் இளக்கி, பிறகு வெட்டி, தையல் போடும்போதே விளிம்பில் ஊசி, அதன் பின் மாதாமாதம் ஊசி என்ற வரிசை பொருந்தும். காது மடலுக்கு ஒரு கூடுதல் வசதி உண்டு: இரண்டு பக்கமும் அழுத்திப் பிடிக்கும் அழுத்தக் கம்மல். புண் ஆறியதும் அணிந்து, தினமும் 12 மணி நேரத்துக்கு மேல், ஆறு மாதமாவது போட வேண்டும். மடல் வெளுத்து வலித்தால் பிடி இறுக்கம் அதிகம், தளர்த்துங்கள். இத்தனைக்கும் அடங்காத கெலாய்டுக்கு, வெட்டிய 24 மணி நேரத்துக்குள் கதிர்வீச்சு தொடங்கப்படுகிறது. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அது கூடாது. வயது குறைந்தவர்களுக்கு எதிர்காலப் புற்றுநோய் அபாயத்தை எடைபோட்டே தர வேண்டும்.

கடைசி ஊசிக்குப் பிறகும் இரண்டு வருடம் கண்காணிப்பு தேவை. விளிம்பில் அரிப்போ சிறு கெட்டியோ தெரிந்தால் உடனே போங்கள். கடுகளவில் இருக்கும்போது ஒரே ஊசியே போதுமானதாக இருக்கலாம். இன்னொரு காதிலோ உடம்பில் வேறெங்குமோ இனி குத்திக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: கன்னம் முழுக்கப் பருக் குழிகள். நான்கு முறை மைக்ரோநீட்லிங் (நுண்ணூசிகளால் தோலைக் குத்தித் தூண்டும் சிகிச்சை) செய்தும் ஆழமான குழிகள் அப்படியே இருக்கின்றன. இப்போது லேசர் செய்யச் சொல்கிறார்கள். அதுவும் வீணாகுமா? (வாசகர், வயது 27)

பதில்: வீணாகுமா இல்லையா என்பது குழியின் உருவத்தைப் பொறுத்தது. இரவில் கண்ணாடி முன் நின்று, அறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைக் கன்னத்துக்குப் பக்கவாட்டில் பிடியுங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத பள்ளங்கள் நிழலாகத் தெரியும். பிறகு இரண்டு விரலால் தோலை இழுத்துப் பாருங்கள்.

இழுத்ததும் மறைந்து, விட்டதும் திரும்பும் அகலமான அலைபோன்ற பள்ளங்கள் ஒரு வகை. தோலை அடியிலிருந்து நார்கள் கட்டி இழுப்பதால் வருபவை அவை. கட்டை அறுக்காமல் மேலே என்ன செய்தாலும் பள்ளம் பள்ளமாகத்தான் இருக்கும். இதற்கு சப்சிஷன்: மரத்துப்போகும் ஊசி போட்டு, தட்டை நுனி கொண்ட ஊசியையோ மழுங்கிய முனையுள்ள மெல்லிய குழாயான கேனுலாவையோ தோலுக்கு அடியில் நுழைத்து, முன்னும் பின்னும், விசிறிபோலப் பக்கவாட்டிலும் நகர்த்தி நார்களை அறுப்பது. அறுபடும்போது 'நறநற'வென்று ஒரு சத்தம் கேட்கும், மருத்துவர் கைக்கும் தெரியும். செய்து முடித்ததும் சில நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் ரத்தம் தேங்கிச் சின்ன உருண்டையாக நின்றுவிடும். நீலம் பாய்ந்தது தெளிய ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை எடுப்பவர்கள் முன்பே சொல்ல வேண்டும். தாங்களாக நிறுத்தக் கூடாது.

இழுத்தாலும் மறையாத, ஊசியால் குத்தியதுபோல் 2 மி.மீ.க்கும் குறைந்த வாயும் ஆழமான அடியும் கொண்ட குழிகள் இன்னொரு வகை. மைக்ரோநீட்லிங்கின் ஊசி தழும்புக்கு வழக்கமாக 1.5 முதல் 2.5 மி.மீ. வரைதான் இறங்கும். அது மொத்தத் தோலையும் தூண்டும், குறுகிய குழியின் சுவரைத் தனியாகக் குறிவைக்காது. நீங்கள் நான்கு முறை செய்தும் அசையாதவை பெரும்பாலும் இவையே. இவற்றுக்கு 70 முதல் 100 சதவீதச் செறிவுள்ள டிரைகுளோரோஅசிட்டிக் அமிலத்தை, கூர்மையான மரக்குச்சி நுனியில் தொட்டு, குழியின் அடியில் மட்டும் வைப்பார்கள். சில நொடிகளில் குழிக்குள் பனி படிந்ததுபோல வெள்ளைப் புள்ளி தோன்றும். அதோடு நிறுத்த வேண்டும். பிறகு பொருக்கு கட்டி ஒரு வாரத்தில் உதிரும், 4 முதல் 6 வாரத்துக்கு ஒருமுறை, மூன்று முதல் ஆறு தடவை. ஒரு சொட்டு வெளியே வழிந்தால் குழியின் வாய் அகன்றுவிடும், கறுப்பும் படியும். இந்த அமிலத்தை இணையத்தில் வாங்கி வீட்டில் தொட்டுப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். தீக்காயம்தான் மிஞ்சும்.

மூன்றாவது, செங்குத்தான விளிம்பும் தட்டையான அடியும் கொண்ட பெட்டிபோன்ற குழி. ஆழம் குறைவாக இருந்தால் ஃப்ராக்ஷனல் லேசரும் (நுண்புள்ளிகளாக மட்டும் தோலில் படும் லேசர்) ரேடியோஃப்ரீக்வென்சி நீட்லிங்கும் (ஊசி நுனி வழியாக ஆழத்தில் சூடு தரும் முறை) விளிம்பை மழுக்கும். ஆழமானதற்குப் பஞ்ச் முறை: குழியின் அகலத்துக்கே உள்ள வட்டக் கத்தியால் வெட்டி, அடித்தோலை மேல்மட்டத்துக்கு உயர்த்தி வைப்பது, அல்லது வெட்டி எடுத்து ஒரு தையல் போடுவது.

ஒரே கன்னத்தில் மூன்று வகையும் கலந்தே இருக்கும். அதனால்தான் ஒரே கருவியில் ஆறு தடவை என்று மொத்தமாக வாங்கும் பேக்கேஜ் ஏமாற்றம் தருகிறது. சப்சிஷன் முதலில், அமிலமும் பஞ்ச் முறையும் அடுத்து, லேசர் கடைசியில் என்ற வரிசை பெரும்பாலானவர்களுக்குப் பொருந்தும். புதுப் பரு வந்துகொண்டிருந்தால் எதையும் தொடங்க வேண்டாம், முதலில் பருவை நிறுத்துங்கள். ஒவ்வொரு சிகிச்சையின் பலனும் 3 முதல் 6 மாதத்தில்தான் முழுதாகத் தெரியும், எனவே ஒரே வெளிச்சத்தில், ஒரே கோணத்தில் படம் எடுத்து வைத்து ஒப்பிடுங்கள். பாதி அளவு தேறினாலே நல்ல பலன். கன்னம் பரு வராத கன்னம்போல ஆகிவிடும் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

கேள்வி: என் நிறம் கருப்பு. லேசர் செய்தால் முகம் இன்னும் கறுத்துவிடும் என்று பயமுறுத்துகிறார்கள். (வாசகி, வயது 30)

பதில்: பயத்தில் நியாயம் இருக்கிறது, ஆனால் லேசரே கூடாது என்பது சரியல்ல. கருநிறத் தோலில் நிறமிச் செல்கள் சுறுசுறுப்பானவை. எந்தச் சூடும் எந்தக் காயமும் அவற்றைத் தூண்டும். 10,600 நானோமீட்டர் ஃப்ராக்ஷனல் கார்பன் டை ஆக்சைடு லேசர் தோலை நுண்துளைகளாக ஆவியாக்குவது. பலன் அதிகம், கறுக்கும் அபாயமும் அதிகம். 1,550 நானோமீட்டர் வகை மேல்தோலை உடைக்காது. தடவைகள் கூடும், அபாயம் குறையும். ரேடியோஃப்ரீக்வென்சி நீட்லிங் நிறமியைக் குறிவைக்காமல் ஊசி நுனியில், ஆழத்தில் சூட்டைத் தருவதால் உங்களைப் போன்றவர்களுக்கு நல்ல தொடக்கம்.

லேசர்தான் என்று முடிவானால் மூன்று விஷயம் கேளுங்கள். காதுக்கு முன்னால் ஒரு சிறு இடத்தில் சோதித்து நான்கு வாரம் பார்ப்பார்களா? புள்ளிகளின் அடர்த்தியைக் குறைத்து வைப்பார்களா? உதட்டில் அடிக்கடி ஹெர்பிஸ் கொப்புளம் வருபவராக இருந்தால் வைரஸ் தடுப்பு மாத்திரை தருவார்களா? பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். வெயில் சுட்ட முகத்தோடு போகாதீர்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து இரண்டு விரல் நீளம் எஸ்.பி.எஃப். 30க்கு மேற்பட்ட சன்ஸ்கிரீன், வெளியில் இருந்தால் இரண்டு மணிக்கொரு முறை. அயர்ன் ஆக்சைடு கலந்த, நிறம் உள்ள வகை கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் தடுக்கும். கறுப்பு படிய அந்த ஒளியும் காரணம். அப்படியும் கறுத்தால் பெரும்பாலும் சில மாதங்களில் தெளியும். அதைத் தழும்பு என்று எண்ணி மேலும் லேசர் சுடுவதுதான் நிலைமையைக் கெடுக்கும்.

கேள்வி: வைட்டமின் ஈ மாத்திரையை உடைத்துத் தடவினால் தழும்பு மறையுமா?

பதில்: மறையாது. பலன் நிரூபணமாகவில்லை. மாறாக, ஆய்வு ஒன்றில் தடவியவர்களில் மூன்றில் ஒருவருக்கு ஒவ்வாமைத் தடிப்பு வந்தது. வெங்காயச் சாறு கலந்த ஜெல்களுக்கும் ஆதாரம் பலவீனம். தடவும்போது செய்யும் மசாஜுக்குத்தான் பலன் உண்டு. அதைச் சாதாரண மாய்ஸ்சரைசர் தொட்டே செய்யலாம்.

கேள்வி: என் ஆறு வயது மகனுக்குச் சுடுதண்ணீர் பட்ட கை ஆற ஐந்து வாரம் ஆனது. இப்போது உள்ளங்கைத் தோல் கயிறுபோல் தடித்து, இரண்டு விரல்கள் மடங்கத் தொடங்கியிருக்கின்றன. வளர்ந்ததும் சரியாகிவிடும் என்கிறார்கள். (ஒரு தாய்)

பதில்: சரியாகாது, அம்மா. எலும்பு வளரும், தழும்பு அந்த வேகத்துக்கு வளராது. விரல் மேலும் மடங்கும், நாளடைவில் மூட்டும் இறுகிவிடும். மூன்று வாரத்துக்குள் ஆறாத தீக்காயம் பருத்த தழும்பாக மாறும் வாய்ப்பு அதிகம். இந்த வாரமே பிளாஸ்டிக் சர்ஜனிடமும் பிசியோதெரபிஸ்டிடமும் காட்டுங்கள்.

அவர்கள் தரப்போவது மூன்று. கைக்கு அளவெடுத்துத் தைத்த அழுத்தக் கையுறை, நாளுக்கு 23 மணி நேரம். குளிக்கும்போது மட்டும் கழற்றலாம். இரண்டு ஜோடி வைத்து மாற்றித் துவைத்துப் போடுங்கள், மீள்தன்மை போய்விடுவதாலும் குழந்தை வளர்வதாலும் சுமார் மூன்று மாதத்தில் புதிது தேவைப்படும். விரல் நுனி நீலமானாலோ மரத்தாலோ அளவு தவறு. இரண்டாவது, இரவில் விரல்களை விரித்துப் பிடிக்கும் ஸ்பிளின்ட். மூன்றாவது, தோல் வெளுக்கும் வரை மெதுவாக நீட்டி, எண்ணிக்கொண்டே பிடித்து வைத்து விடும் பயிற்சி, நாளுக்குப் பல முறை. அரிப்பு தூக்கத்தைக் கெடுத்தால் மாய்ஸ்சரைசரும் அரிப்பு மாத்திரையும் கேட்டு வாங்குங்கள். குழந்தை சொறிந்தால் மெல்லிய தோல் கிழிந்து மறுபடி புண்ணாகும்.

இவ்வளவுக்கும் விரல் நிமிராவிட்டால் அறுவை சிகிச்சைதான். கயிறுபோன்ற இழுப்புக்கு 'இசட்' வடிவில் வெட்டி, இரு முக்கோணத் தோலை இடம் மாற்றித் தைப்பார்கள். 60 டிகிரி கோணத்தில் வெட்டினால் அந்தக் கோட்டின் நீளம் கணக்குப்படி 75 சதவீதம் கூடும். தோலே பற்றாக்குறை என்றால் ஒட்டுத்தோல். அழகுக்காகச் செய்யும் தழும்புத் திருத்தத்துக்கு ஒரு வருடம் பொறுப்பது வழக்கம். மூட்டு மடங்கும் குழந்தைக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

கேள்வி: முழங்காலில் நேற்று சிராய்ப்பு. தழும்பு வராமல் இருக்க இப்போதே என்ன செய்யலாம்?

பதில்: ஓடும் நீரில் நன்றாகக் கழுவி, மண்ணும் கல்துகளும் ஒன்றுகூட இல்லாமல் நீக்குங்கள்; உள்ளே தங்கினால் பச்சை குத்தியதுபோல் நிற்கும். முடியாவிட்டால் இன்றே மருத்துவரிடம் போங்கள். டெட்டனஸ் ஊசி பற்றியும் கேளுங்கள். பிறகு பெட்ரோலியம் ஜெல்லி பூசி, ஒட்டாத துணியால் மூடி, தினமும் மாற்றுங்கள். காற்றாட விட்டால்தான் புண் ஆறும் என்ற நம்பிக்கை தவறு. 1962இல் ஜார்ஜ் வின்டர் பன்றிகளின் தோலில் சோதித்து, ஈரம் காத்து மூடிய புண் திறந்துவிட்டதைவிட ஏறக்குறைய இரு மடங்கு வேகத்தில் மூடுவதைக் காட்டினார். பொருக்கைப் பிய்க்காதீர்கள். ஹைட்ரஜன் பெராக்சைடை தினமும் ஊற்றாதீர்கள், அது புதுச் செல்களையும் கொல்லும். தையல் போட்டவர்களுக்கு ஒரு வார்த்தை: முகத்தில் ஐந்து முதல் ஏழு நாளில், கை காலில் 10 முதல் 14 நாளில் பிரித்துவிட வேண்டும். தள்ளிப்போட்டால் ஏணிப்படிபோலக் குறுக்குத் தடங்கள் விழும். அவற்றைப் பிறகு அழிப்பது கடினம்.

கேள்வி: இருபது வருடத்துக்கு முந்தைய தீக்காயத் தழும்பு, காலில். மூன்று மாதமாக அதில் ஒரு புண், ஆறவே இல்லை. ஓரம் தடித்திருக்கிறது. என்ன ஆயின்மென்ட் போடலாம்? (வாசகர், வயது 58)

பதில்: ஆயின்மென்ட் எதுவும் போட்டுக் காத்திருக்க வேண்டாம். பழைய தீக்காயத் தழும்பில் பல வருடம் கழித்து வரும் ஆறாத புண், மார்ஜோலின் புண் எனப்படும் தோல் புற்றுநோயாக இருக்கலாம். ஓரம் தடிப்பது, நாற்றம், தொட்டால் ரத்தம் கசிவது எல்லாம் சந்தேகத்தைக் கூட்டும். இந்த வாரமே சர்ஜனிடம் போய், புண்ணின் ஓரத்திலிருந்தும் நடுவிலிருந்தும் சதை எடுத்துப் பயாப்ஸி செய்யச் சொல்லுங்கள். ஒரே ஒரு இடத்தில் எடுத்து "ஒன்றுமில்லை" என்று வந்து, அதன் பிறகும் புண் ஆறாவிட்டால் திரும்ப எடுக்கச் சொல்லத் தயங்காதீர்கள். இடுப்பு மடிப்பில் நெறி கட்டியிருந்தால் அதையும் காட்டுங்கள்.